"ஆர் பிள்ளை மாத்தினது?"

படிவம் நிரப்பாத பெண் எங்கள் பகுதிகளில் இல்லை எனலாம். இடம்பெயர்ந்தபோது ஒன்று, முகாமில் ஒன்று, மீள்குடியேறியபோது ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, ஆடு தருகிறோம் கோழி தருகிறோம் என்று வந்தவர்களுக்கு வேறொன்று. 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது எனக்கு 19 வயது. எழுத்து வடிவாக இருக்கிறது என்று சொல்லிப் பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் தங்கள் படிவங்களை என்னிடம் கொண்டுவந்து எழுதுவிப்பார்கள். அந்தப் பதில்கள் பிறகு எங்கே போயின, யார் வாசித்தார்கள், யார் திருத்தினார்கள் என்று நான் யோசித்ததில்லை. பின்னர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, படிவத்தைக் கொடுக்கிற பக்கத்துக்கு மாறிய பின்னும் யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தவர் ஓர் அக்கா.

அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை. கணவர் 2009 மே மாதம் காணாமற் போனவர். எங்கள் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போயிருந்தது. வாழ்வாதார உதவி பற்றிய கூட்டத்துக்கு வரும்படி அழைப்பு. நல்ல செய்திதான். ஆனால் முதல் வரியிலேயே "கணவனை இழந்த தங்களுக்கு" என்று இருந்தது. இரண்டு பஸ் மாறி அந்தக் கடிதத்தோடு வந்தார். மேசையில் விரித்து வைத்தார். சத்தம் போடவில்லை.

"இவர் செத்துப்போனாரெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஆர் பிள்ளை மாத்தினது?"

கணனியைத் திறந்து பார்த்தேன். கணவரின் நிலை: இறந்தவர். இறந்த திகதி: 2009.05.18. பிறகு அலுமாரியைத் திறந்து அவருடைய பழைய படிவத்தைத் தேடி எடுத்தேன். அவருடைய சொந்தக் கையெழுத்தில் "காணவில்லை" என்றிருந்தது. திகதிக்கான பெட்டி வெறுமையாக இருந்தது.

வெளியாருக்கு இது ஒரு சொல் வித்தியாசம். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அப்படியல்ல என்பது எனக்குத் தெரியும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற் போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழி செய்தது. வங்கிக் கணக்கு, காணி உறுதி, பிள்ளைகளின் அலுவல் என்று பல கதவுகள் அந்தக் கடதாசியால் திறந்தன. ஆனால் அதைக் கையில் வாங்குவதென்றால் தேடுவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதிக் கொடுப்பது போல என்று எத்தனை பெண்கள் மறுத்தார்கள்! 2016இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தவர் என்று சொல்லாமல் "காணவில்லை" என்பதையே உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்தில் இந்த அக்காவும் போய் இருந்தவர். அந்த ஒரு சொல்லுக்காக வெயிலிலும் மழையிலும் இருந்த ஒருவருக்கு நாங்கள் வேறு சொல் எழுதி அனுப்பியிருந்தோம்.

எங்கள் கணனியைப் பாவிப்பவர்கள் ஐந்து பேர், நான் உட்பட. ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். நான் நம்பினேன். நம்பாமல் விட்டாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் கணனிக்கே அது தெரியாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் கூட்டம். பாடசாலை வரவு இடாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கையாகப் போவது நிரை, மேலிருந்து கீழே வருவது நிரல். ஒரு பெண்ணுக்கு ஒரு நிரை. பெயர், ஊர், பிள்ளைகள், கணவரின் நிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். எட்கர் கொட் என்ற ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் 1970இல் முன்வைத்த முறை இது. இன்றைக்கும் வங்கி முதல் வைத்தியசாலை வரை பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் விபரங்களை வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டியில் உள்ளதை மாற்றினால் பழையது போய்விடும், புதியது மட்டும் இருக்கும். மாதர் சங்கக் கணக்குப் புத்தகத்தில் பிழை விட்டால் ஒற்றைக் கோடு போட்டு வெட்டிப் பக்கத்தில் கையொப்பம் வைக்கச் சொல்லி நாங்களே உங்களுக்குப் பயிற்சி தருகிறோம். ரிப்பெக்ஸ் பூசக்கூடாது என்கிறோம். ரிப்பெக்ஸ் பூசினால்கூட ஒரு வெள்ளைத் திட்டாவது தெரியும். எங்கள் கணனியில் அந்தத் திட்டும் இல்லை.

சனிக்கிழமைகளில் வந்து கணனி வேலைகளைச் சம்பளமில்லாமல் செய்து தரும் ஒரு தம்பி இருக்கிறான். அவனிடம் சொன்னேன். "ட்ரிகர் எழுதலாம் அக்கா" என்றான்.

எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ட்ரிகர் என்றால் துப்பாக்கியின் விசை. எங்கள் பெண்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்றேன். "கணனிக்காரருக்கு வேற சொல் கிடைக்கேல்லையாக்கும்" என்று சிரித்தான். யுத்தம் முடிந்தபோது அவன் சிறு பிள்ளை. நான் அதற்குப் பிறகு அதைப் "படலை நாய்" என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

காரணம் இருக்கிறது. படலையைத் திறந்தால் நாய் குரைக்கும். யாரும் ஏவ வேண்டியதில்லை. களவாய் வந்தாலும் குரைக்கும், வீட்டுக்காரி வந்தாலும் குரைக்கும். ட்ரிகரும் அப்படித்தான். அட்டவணையில் ஒரு நிரையைச் சேர்த்தால், மாற்றினால், அழித்தால், தரவுத்தளம் தானாகவே ஒரு வேலையைச் செய்யும். இதில் இரண்டு பாகங்கள் உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பது ஒன்று, அது ட்ரிகர் ஃபங்ஷன், அதாவது நாயைப் பழக்குவது. எந்த அட்டவணையில், எந்தச் செயலுக்கு, செயலுக்கு முன்னா பின்னா என்று சொல்லிப் பிணைப்பது மற்றது, அதாவது படலையில் கட்டுவது. ஒரே ஃபங்ஷனைப் பல அட்டவணைகளில் பிணைக்கலாம். ஆனால் மற்ற ஃபங்ஷன்களைப் போல நாமே பெயர் சொல்லி அழைத்து அதை ஓடச்செய்ய முடியாது. படலை அசைந்தால்தான் அது எழும்பும்.

நாங்கள் பாவிப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். 1986இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு ஆய்விலிருந்து வளர்ந்தது, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. இப்படியான வேலை எங்கள் நாட்டுக்குப் புதிதுமல்ல. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கணனித்துறையினர் தொண்டாகச் சேர்ந்து "சஹானா" என்ற இலவச மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமற் போனோர் பதிவேடும் அதில் ஒரு பகுதி. பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது உதவியது.

"நீயே எழுதித் தாவன்" என்று தம்பியைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துத்தான் கேட்டவர். நானே எழுதிப் பழகுவது என்று தீர்மானித்தேன். சமூகவியல் படித்தவளுக்கு இது எதற்கு என்று அலுவலகத்தில் பகிடி பண்ணினார்கள். எப்படி வகைப்படுத்துகிறோம், எந்த வகைக்குள் யாரைப் போடுகிறோம் என்பதுதானே நான் நான்கு வருடம் படித்தது!

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். இப்போதே திருத்தலாம், ஆனால் திருத்தினதும் பதிவாகாது. ஒரு மாதம் பொறுத்தால் திருத்தியது யார், எப்போது, முன்பு என்ன இருந்தது எல்லாம் பதிவாகும். அவர் யோசித்தார். "இவ்வளவு காலம் இருந்திட்டுது. பதியிற மாதிரியே மாத்துங்கோ பிள்ளை" என்றார்.

அந்த மாதம் பின்னேரங்களில் நான் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்ரிகர் ஃபங்ஷனுக்குள் இரண்டு பொருட்கள் தானாகவே கையில் கிடைக்கும். "ஓல்ட்" என்பது மாற்றத்துக்கு முந்திய நிரை. "நியூ" என்பது மாற்றத்துக்குப் பிந்திய நிரை. ஒரு கணம், அந்த ஒரு கணம் மட்டும், பழைய பதிலும் புதிய பதிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்தக் கணத்தில் பழையதை எடுத்து "வரலாறு" என்று நாங்கள் பெயர் வைத்த இன்னொரு அட்டவணையில் எழுதிவிட வேண்டும். கூடவே திகதி, நேரம், உள்ளே நுழைந்தவரின் பெயர். எழுதுவது இவ்வளவுதான், பத்துப் பதினைந்து வரி. மாற்றமும் வரலாற்றுக் குறிப்பும் ஒரே மூச்சில் நடக்கும். குறிப்பு எழுதுவதில் பிழை வந்தால் மாற்றமும் நடக்காது. இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மனிதர்களோ முதலில் வேலையை முடித்துவிட்டுப் "பிறகு குறிப்பெழுதலாம்" என்று விடுவோம்.

முதல் பிழை நான் "முன்" என்பதில் விட்டது. செயலுக்கு முன் ஓடும் ட்ரிகர் கடைசியில் அந்தப் புதிய நிரையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "ரிட்டர்ன் நியூ" என்று எழுத வேண்டும். நான் எதற்கும் தேவையில்லை என்று நினைத்து "ரிட்டர்ன் நல்" என்று எழுதிவிட்டேன். "நல்" என்றால் ஒன்றுமில்லை. அப்படி எழுதினால் தரவுத்தளம் இந்த நிரையை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். பிழை என்று சொல்லாது, அமைதியாக விட்டுவிடும். தரவு பதியும் தங்கச்சி ஒரு காலை முழுக்கப் புதிய படிவங்களைப் பதிந்தாள். ஒன்றும் சேமிக்கப்படவில்லை. மத்தியானம் தேடிப் பார்த்துவிட்டு அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள், தன்னுடைய பிழை என்று நினைத்து. நான் மன்னிப்புக் கேட்டு அவளோடு இருந்து எல்லாவற்றையும் திரும்பப் பதிந்தேன். வரலாறு எழுதும் வேலை "பின்" என்பதில் இருப்பதுதான் நல்லது என்று அன்று படித்தேன். அங்கே எதைத் திருப்பிக் கொடுத்தாலும் கவனிக்கப்படாது, நிரை ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாவது பிழையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாம் சரி என்று நினைத்து அக்காவின் நிரையைத் திறந்தேன். முதலில் இறந்த திகதியை அழித்தேன். பெட்டி வெறுமையானது. சேமித்தேன். பிறகு பெருமையோடு வரலாற்று அட்டவணையைத் திறந்தேன். ஒன்றுமில்லை. நாய் குரைக்கவில்லை.

தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் எழுதியதை வாசிக்கச் சொன்னான். "பழைய திகதியும் புதிய திகதியும் சமனில்லை என்றால் வரலாற்றில் எழுது" என்று எழுதியிருந்தேன். கேட்கச் சரியாகத்தானே இருக்கிறது? அவன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தான். "அக்கா, வெறும் பெட்டியோட எதை ஒப்பிட்டாலும் அது ஓமெண்டும் சொல்லாது, இல்லையெண்டும் சொல்லாது. தெரியாது எண்டுதான் சொல்லும்."

அது இப்படி. தரவுத்தளத்தில் வெறும் பெட்டிக்குத்தான் "நல்" என்று பெயர். அது பூச்சியமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. "தெரியவில்லை" என்பதற்கான அடையாளம். தெரியாத ஒரு திகதியும் 2009.05.18 உம் ஒன்றா, வேறா? தெரியாது. சரியான பதில்தான். நேர்மையான பதிலும்கூட. கொட் என்ற அந்த ஆய்வாளரே பின்னாளில் இப்படி ஓம், இல்லை, தெரியாது என்று மூன்று விடை வேண்டும் என்று வாதிட்டவர். ஆனால் "என்றால்" என்று நிபந்தனை போட்டு எழுதும்போது "தெரியாது" என்ற விடை "இல்லை" என்றே நடத்தப்படும். ஆகவே திகதி இருந்து வெறுமையாகினாலும், வெறுமையிலிருந்து திகதி வந்தாலும், என்னுடைய காவல் நித்திரை. திகதியிலிருந்து இன்னொரு திகதிக்கு மாறினால் மட்டும் எழும்பும்.

யாருடைய பெட்டிகள் வெறுமையாக இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். காணாமற் போனவர்களின் மனைவிமார், தாய்மாருடைய பெட்டிகள். யாருக்காக நான் இந்தக் காவலை வைத்தேனோ அவர்களுக்கு மட்டும் அது வேலை செய்யவில்லை. கதிரையில் இருந்தபடி வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை அலுவலகங்களில் "தெரியாது" என்ற பதில் "இல்லை" என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது!

திருத்தம் சிறியதுதான். "சமனில்லை" என்பதற்குப் பதிலாக "இஸ் டிஸ்டிங்க்ட் ஃபுரொம்" என்று எழுத வேண்டும். அது வெறுமையையும் ஒரு நிலையாகக் கணக்கெடுத்து, முன்பிருந்ததும் இப்போதிருப்பதும் வேறா என்று மட்டும் பார்க்கும். ஆனால் அதற்கு முன் வேறொரு வேலை இருந்தது. அக்காவின் திகதியை நான் பதிவில்லாமல் அழித்துவிட்டேனே! பதிவோடு அழிக்க வேண்டுமென்றால் அதைத் திரும்பப் போட வேண்டும். அந்தத் திகதியை, 2009.05.18 என்று, என் கையால் அவருடைய கணவருக்கு எழுதினேன். வாழ்க்கையில் தட்டச்சுச் செய்தவற்றில் அது போல் பாரமானது வேறில்லை. அப்படிப் போட்டதும் அழித்ததும் ஏன் என்று ஒரு தாளில் எழதி அவருடைய கோவையில் வைத்தேன். ஃபங்ஷனைத் திருத்தி, வேறு ஒரு பொய்யான நிரையில் எல்லா விதமாகவும் மாற்றிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் திகதியை மறுபடி அழித்து, நிலையைக் "காணவில்லை" என்று மாற்றினேன். வரலாற்றில் விழுந்தது.

அந்த இரண்டு நாளில் வேறொன்றும் கண்ணில் பட்டது. 2009.05.18 என்ற அதே திகதி வேறு பத்துப் பெண்களின் நிரைகளிலும் இருந்தது. அவர்களில் ஒருவருடைய கணவர் 2007இல் கொழும்புக்குப் போனவர், அங்கேயே காணாமற் போனவர். அவருக்கும் அதே நாள்! இது ஒவ்வொன்றாக இருந்து எழுதியதல்ல, ஒரேயடியாக நிரப்பியது. பழைய கோப்புகளைக் கிண்டினோம். நிதி தரும் ஒரு இடத்துக்காகத் தயாரித்த பட்டியல் ஒன்று அகப்பட்டது. அவர்கள் தந்த படிவத்தில் நான்கே தெரிவுகள்: திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை, பிரிந்து வாழ்பவர். காணாமற் போனவரின் மனைவிக்கு அங்கே இடமில்லை. விதவை என்று போட்டால் இறந்த திகதி கட்டாயம். இந்தப் பதினொரு பெண்களும் உதவி கிடைக்காமல் போகக்கூடாதே என்று யாரோ இரக்கத்தில் விதவை என்று போட்டு, தெரிந்த ஒரு திகதியையும் போட்டு, அந்தப் பட்டியலைத் திரும்ப எங்கள் தரவுத்தளத்தில் ஏற்றியிருக்க வேண்டும். அது என் ஊகம். யார் என்று தெரியாது. எங்கள் ஐவரில் ஒருவராக இருக்கலாம், விலகிப் போனவர்களில் ஒருவராக இருக்கலாம். அந்தக் காலத்தில் நானும் அந்த வேலையில் உதவியவள், நானாகவும் இருக்கலாம். கெட்ட எண்ணத்தில் செய்த பிழையென்றால் கோபப்படவாவது முடியும்.

வரலாற்றில் "யார்" என்ற நிரல் முதலில் எல்லா இடத்திலும் ஒரே பெயரைக் காட்டியது. ஏனென்றால் ஐந்து பேரும் ஒரே பெயரிலும் ஒரே கடவுச்சொல்லிலும்தான் உள்ளே போனோம். கடவுச்சொல் திரையின் கரையில் ஒட்டியும் இருந்தது! ட்ரிகர் எவ்வளவு கெட்டித்தனமாக எழுதப்பட்டாலும் தனக்குச் சொல்லப்பட்ட பெயரைத்தான் எழுதும். ஐவருக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தோம். "எங்களில சந்தேகமா மிஸ்?" என்று ஒரு வெளிக்கள உத்தியோகத்தர் முகம் சுளித்தார். எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. அக்கா கேட்டபோது ஐந்து பேரும் சந்தேகத்துக்கு உரியவர்களாக நின்றோமே, அதைவிட இது நல்லதல்லவா என்றேன். அவர் ஏற்றுக்கொண்டாரா தெரியாது, கையொப்பம் வைத்தார்.

இன்னொரு விதமான ட்ரிகரும் எழுதிப் பார்த்தேன். மாற்றத்துக்கு முன் ஓடி, சான்றிதழ் இலக்கம் இல்லாமல் "இறந்தவர்" என்று மாற்ற முனைந்தால் தடுத்துவிடும். அப்போது பிழைச் செய்தி ஒன்று வரும், மாற்றம் நடக்காது. சிறப்பான ஏற்பாடு என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் பார்த்தால் சான்றிதழ் இலக்கம் "000" என்று மூன்று நிரைகளில். உண்மையாகவே கணவர் இறந்து, சான்றிதழ் இன்னும் எடுக்காத பெண்கள். பதிபவர் என்ன செய்வார்? நானே ஒரு நான்கு தெரிவுப் படிவத்தைச் செய்து வைத்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தடையை எடுத்துவிட்டேன். இப்போது மாற்றுவதற்கு ஒரு வசனத்தில் காரணம் எழுத வேண்டும். "அம்மா சொன்னவ, ஊரில் எலும்பு எடுத்து அடையாளம் காட்டினவையாம்" என்று ஒரு காரணம் இருக்கிறது. இலக்கத்தைவிட அது கூடச் சொல்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, எனக்கு வெட்கமான ஒன்றை மறைக்கக்கூடாது. ஒரு தாய் வந்தார். 2012இல் தந்த படிவத்தில் மகன் புனர்வாழ்வு பெற்று வந்தவன் என்று எழுதியிருந்தார். இப்போது மகன் குடும்பமாகிவிட்டான், அந்த விபரம் எங்கள் பதிவில் இருக்க வேண்டாம் என்றார். நியாயமான விருப்பம். உடனே அழித்துக் காட்டினேன். அவர் போன பிறகுதான் உறைத்தது. என்னுடைய படலை நாய் அந்தப் பழைய பதிலை அப்படியே எடுத்து, திகதியும் நேரமும் போட்டு, வரலாற்றில் பத்திரமாக வைத்திருந்தது. அழித்த விபரம் அழிக்காமல் இருந்ததைவிடத் துலாம்பரமாக இருந்தது. மறக்கப்பட வேண்டும் என்று ஒரு பெண் கேட்டதை நான் இரட்டிப்பாக நினைவு வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் வைத்திருப்பது நல்லது என்று நம்பியவள் நான். எங்கள் மண்ணில் பதிவுகள் யார் யார் கைக்குப் போயின என்று தெரிந்தும் அப்படி நம்பியிருந்தேன். அன்று அந்த ஃபங்ஷனை மறுபடி திருத்தினேன். சில நிரல்களுக்கு அது "மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதும், என்ன இருந்தது என்று எழுதாது. வரலாற்றிலிருந்து ஒன்றை நீக்குவதென்றால் அந்தப் பெண்ணின் எழுத்து மூலமான கோரிக்கை வேண்டும், இருவர் சேர்ந்து செய்ய வேண்டும். அந்தத் தாயின் வரியை அவரைத் திரும்ப அழைத்து, அவர் பார்த்திருக்கவே நீக்கினோம். பழைய காப்புப் பிரதிகளிலும் தேடி நீக்க இரண்டு சனிக்கிழமை பிடித்தது.

நாயைக் கட்டிப் போடவும் முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்டவணையின் உரிமையாளர் நினைத்தால் ஒரே வரியில் ட்ரிகரை நிறுத்தி வைக்கலாம். வேண்டியதை மாற்றிவிட்டுத் திரும்ப இயக்கலாம். ஆகவே அந்த உரிமை எங்கள் ஐவர் எவரிடமும் இல்லை. அந்தக் கடவுச்சொல் நிர்வாகசபையின் இரும்புப் பெட்டியில், ஒட்டிய கடித உறையில் இருக்கிறது. எந்த நிறுவனமாவது உங்கள் விபரத்தைக் கணனியில் ஏற்றினால், "இதை மாற்றினால் பழையது தெரியுமா, ஆர் மாற்றினது என்று தெரியுமா, நான் அழிக்கச் சொன்னால் அழியுமா" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கணனி தெரிந்திருக்கத் தேவையில்லை. முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அக்கா சொன்னபடி ஒரு மாதம் கழித்து வந்தார். எங்களுக்கு ஐந்து கிழமை பிடித்திருந்தது, அதற்குக் குறை சொல்லவில்லை. திரையில் அவருடைய நிரையைக் காட்டினேன். "காணவில்லை." திகதிப் பெட்டி வெறுமை. பிறகு வரலாற்றைக் காட்டினேன். இரண்டு வரிகள்: திகதி நீக்கப்பட்டது, நிலை மாற்றப்பட்டது. முன்பிருந்தது, இப்போதிருப்பது, என்னுடைய பெயர், திங்கட்கிழமை, காலை 8.40. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இது நீங்கள் மாத்தினது. முதல் மாத்தினது?"

"அது இதில இல்லை அக்கா. அப்ப இது இருக்கேல்லை."

அச்செடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். தன்னுடைய பொலித்தீன் உறையைத் திறந்தார். முகாம் அடையாள அட்டை, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், பல ஆணைக்குழுக்களுக்கும் கொடுத்த மனுக்களின் பிரதிகள், கணவரின் கடவுச்சீட்டு அளவுப் படம். தாளை உள்ளே வைக்கப் போனவர் திரும்ப எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அப்ப அதைக் கையால எழுதித் தாங்கோ. ஒருக்கா ஆரோ மாத்தினவை, ஆரெண்டு தெரியாது எண்டு."

எழுதினேன். கீழே என் பெயரையும் திகதியையும் போட்டுக் கையொப்பம் வைத்தேன். அலுவலக முத்திரையும் வேண்டும் என்றார். குத்திக் கொடுத்தேன்.